‘பாய்ந்துவிட்டார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி இதுதான். மும்பை செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி. ஆண்டுப் பொதுக்குழுவில் பார்க்கிங் தகராறு. அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் திடீரென்று எழுந்து கத்தியிருக்கிறார், மேசையில் அறைந்திருக்கிறார், ஃபைலை விட்டெறிந்திருக்கிறார், கடைசியில் செயலாளரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். மராத்தி, குஜராத்தி, தமிழ், மலையாளம் என்று எல்லோரும் இருக்கிற கட்டடம் என்பதால் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, ஆங்கிலத்தில்தான். “ஹீ அவுட்பர்ஸ்டட்” என்று எழுதினால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுகிறது. அகராதியைத் திறந்தால் ஸ்னாப், லாஷ் அவுட், பெர்சர்க், அமக் என்று ஒரு கூடைச் சொற்களைக் கொட்டுகிறது. எதை எடுப்பது?

சிவப்புக் கோடு நியாயமானது. இன்றைய ஆங்கிலத்தில் ‘அவுட்பர்ஸ்ட்’ பெயர்ச்சொல் மட்டும்தான்; அதை அப்படியே வினையாக்க முடியாது. திருப்பிப் போட்டு ‘பர்ஸ்ட் அவுட்’ என்றால் வினை கிடைக்கும், ஆனால் அது வேறு வேலை செய்கிற வினை. பர்ஸ்ட் அவுட் லாஃபிங், பர்ஸ்ட் அவுட் க்ரையிங் என்று சிரிப்புக்கும் அழுகைக்கும் வரும். அல்லது ஒருவர் சட்டென்று உதிர்த்த பேச்சை மேற்கோள் குறிக்குள் போட்டு அதன் பின்னால் வரும். வெறுமனே ‘ஹீ பர்ஸ்ட் அவுட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ‘பர்ஸ்ட் இன்டு ஆங்கர்’ என்று நம் பக்கம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் காதுக்கு அது ஒட்டாது. பர்ஸ்ட் இன்டு என்பதற்குப் பின்னால் கண்ணீர், பாட்டு, தீச்சுவாலை வரலாம். கோபத்துக்குப் பறக்க வேண்டும்: ‘ஃப்ளூ இன்டு எ ரேஜ்’. இன்னொன்று, பர்ஸ்ட் என்பதற்கு இறந்தகாலமும் பர்ஸ்ட்தான். ‘பர்ஸ்டட்’ என்று ஒன்று இல்லை.

இப்போது கூடைக்கு வருவோம். இந்தச் சொற்களைக் கோபத்தின் அளவு வாரியாக, சிறியதிலிருந்து பெரியது வரை ஏணிப்படி போல அடுக்கித் தரும் பாடப்புத்தகங்கள் உண்டு. அந்த அடுக்கு பெரிய உதவி செய்யாது. ஒவ்வொரு சொல்லும் தனக்குள் ஒரு குட்டிக் கதையை வைத்திருக்கிறது: அந்த ஆள் அதுவரை எப்படி இருந்தார், யாரைக் குறிவைத்தார், வாயோடு நின்றதா கை நீண்டதா, அவரைக் கோபித்துக்கொள்வதா பரிதாபப்படுவதா. நீங்கள் சொல்லைத் தேர்ந்தெடுத்த உடனே தீர்ப்பில் பாதி எழுதியாகிவிட்டது.

ஸ்னாப் இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அது ஒன்றல்ல, இரண்டு. ‘ஸ்னாப்ட் அட் மீ’ என்றால் நாய் வாயைத் திறந்து கடிக்க வருகிற அசைவு. சொல்லின் பழைய பொருளே அந்தக் கடிதான். தமிழில் ‘வள்ளென்று விழுந்தார்’ என்கிறோமே, ஏறத்தாழ அதே நாய். ‘எரிந்து விழுந்தார்’ என்பதும் இதற்குச் சரியாகப் பொருந்தும். ஒரு வாக்கியம், இரண்டு வினாடி, முடிந்தது. ஆனால் ‘அட்’ இல்லாமல் வெறும் ‘ஹீ ஸ்னாப்ட்’ என்று எழுதினால் நாய் போய் சுள்ளி வந்துவிடும். வளைத்து வளைத்துத் தாங்கமுடியாமல் சுள்ளி படாரென்று முறிகிறது. பல நாளாகப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிதர், ஒருநாள் உடைந்துவிட்டார் என்பது அதன் உட்பொருள். மினிட்ஸில் ‘த மெம்பர் ஸ்னாப்ட்’ என்று எழுதினீர்களானால், பாவம் அந்த ஆளை இவர்கள் எவ்வளவு காலமாகப் படுத்தினார்களோ என்று படிப்பவர் நினைப்பார். ஒரு இரண்டெழுத்துச் சொல் விடுபட்டதால் கமிட்டி குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடும்.

லாஷ் அவுட் குதிரையிலிருந்து வந்தது: குதிரை பின்னங்காலை வீசி உதைப்பதற்கு அந்தச் சொல் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. மிரண்ட, மாட்டிக்கொண்ட, வலியில் இருக்கிற பிராணி எதிரில் யார் இருந்தாலும் உதைக்கும். மனிதருக்குச் சொல்லும்போதும் அந்த மிரட்சி கூடவே வருகிறது. தமிழில் ‘சீறினார்’ என்பது கிட்டத்தட்ட இதுதான். அங்கே குதிரைக்குப் பதில் பாம்பு. சிக்கல் என்னவென்றால் லாஷ் அவுட் வாய்க்கும் வரும், கைக்கும் வரும். செய்தித்தாளில் அமைச்சர் எதிர்க்கட்சி மீது லாஷ் அவுட் செய்தார் என்றால் வெறும் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் லாஷ் அவுட் செய்தான் என்றால் யாருக்காவது அடி விழுந்திருக்கும். கிரிக்கெட் வர்ணனையில் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றுவதும் இதே சொல்தான். ஆகவே நடந்ததைப் பார்க்காத ஒருவர் படிக்கப்போகிற ஆவணத்தில் இது ஆபத்தான சொல்.

இதற்குப் பின்னால் ‘அட்’ போடுங்கள், ‘ஆன்’ போடாதீர்கள். பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் ‘லாஷ் அவுட் ஆன்’ என்றால் ஒன்றுக்காகப் பணத்தை வாரி இறைப்பது. “ஹீ லாஷ்ட் அவுட் ஆன் மீ” என்று லண்டன் அலுவலகத்துக்கு மெயில் போட்டால், அவர் உங்களுக்கு ஏதோ பெரிய விருந்து வைத்தார் என்று ஒருவர் புரிந்துகொள்ள இடமுண்டு.

இந்த ‘ஆன்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது தெளிவு. நாம் ‘என் மேல் கோபப்பட்டார்’ என்கிறோம். மராத்திக்காரர் ‘மாஜ்யாவர் ராகாவ்லா’ என்பார், இந்திக்காரர் ‘முஜ் பர் குஸ்ஸா கியா’ என்பார். மேல், வர், பர் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஆகவே மும்பையில் ஒரு தமிழர் ‘ஆங்க்ரி ஆன் மீ’, ‘ஷவுட்டட் ஆன் மீ’ என்றால் திருத்த ஆள் கிடைக்காது. பக்கத்து மேசையில் இருப்பவரும் அதையேதான் சொல்கிறார். ஆங்கிலத்தில் கோபம் மேலே வந்து உட்காராது, குறிபார்த்து வரும்: ஆங்க்ரி வித் மீ அல்லது அட் மீ, ஷவுட்டட் அட் மீ, ஸ்னாப்ட் அட் மீ, பிளூ அப் அட் மீ.

விதிவிலக்காக ‘ஆன்’ வருகிற இடங்கள் சில உண்டு. அவை தெரிந்திருந்தால் எழுத்து கூர்மையாகும். ‘டர்ன்ட் ஆன்’ என்றால் அதுவரை நம் பக்கம் இருந்தவர் நமக்கே எதிராகத் திரும்பிப் பாய்ந்தார். வளர்த்த நாய் எஜமானரைக் கடித்தாலும் இதுதான். அதில் துரோகத்தின் சாயல் இருக்கிறது. ‘ரவுண்டட் ஆன்’ என்றால் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி ஒருவரைப் பிடித்துக்கொண்டார், பெரும்பாலும் வாய்தான். உங்கள் கூட்டத்தில் அந்த உறுப்பினர் முதலில் தலைவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று செயலாளர் பக்கம் திரும்பியிருந்தால், ‘ரவுண்டட் ஆன் த செக்ரட்டரி’ அழகாகப் பொருந்தும்.

‘இன்டு’ வந்தால் ஆழம். டேர் இன்டு, ரிப் இன்டு, லே இன்டு. தமிழில் ‘கிழி கிழி என்று கிழித்தார்’ என்பதை டேர் இன்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்; இரண்டு மொழியும் ஒரே துணியைக் கிழிக்கின்றன. ‘வாங்கு வாங்கென்று வாங்கினார்’ என்பதற்கு லே இன்டு. இறந்தகாலம் ‘லெய்ட் இன்டு’. இவையும் வாய், கை இரண்டுக்கும் பொதுவானவைதான், ஆனால் அலுவலகச் சூழலில் எழுதினால் வாய் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வெடி வகைக்குப் போவோம். பிளோ அப், எக்ஸ்ப்ளோட், எரப்ட், ஃப்ளேர் அப். அகராதியில் நான்கும் பங்காளிகள், பழக்கத்தில் இல்லை. ஃப்ளேர் அப் என்பது அடங்கியிருந்த தணல் குப்பென்று பற்றுவது; சீக்கிரம் அணையும், மறுபடியும் பற்றும். அதனால்தான் மூட்டுவலி, தோல் அரிப்பு திரும்பி வருவதற்கும் மருத்துவர்கள் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். மும்பை இந்தியின் ‘படக் கயா’ இதற்கு ஏறக்குறைய நேர்ச்சொல். ‘டெம்பர்ஸ் ஃப்ளேர்ட்’ என்று எழுதினால் யார் முதலில் ஆரம்பித்தது என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் மினிட்ஸ் எழுதுகிறவர்களுக்கும் பிடித்த வாக்கியம்.

பிளோ அப் பேச்சுக்கு நல்ல சொல், எழுத்தில் ‘அட்’ விட்டுப்போனால் வினை. ‘பிளூ அப் அட் த செக்ரட்டரி’ என்றால் செயலாளரிடம் வெடித்தார். ‘பிளூ அப் த செக்ரட்டரி’ என்றால் செயலாளருக்கு வெடி வைத்துத் தகர்த்தார். எக்ஸ்ப்ளோட் இந்த அளவு விபரீதம் செய்யாது, ‘எக்ஸ்ப்ளோடட் வித் ரேஜ்’ என்று எழுதினால் போதும். எரப்ட் எரிமலையின் சொல். லத்தீனில் உடைத்துக்கொண்டு வெளியேறுவது. ரப்ச்சர், இன்டரப்ட், பாங்க்ரப்ட் எல்லாம் அதே குடும்பம். இதன் வசதி, ஆளும் எழுவாயாகலாம், இடமும் ஆகலாம், சண்டையும் ஆகலாம். அந்த வசதியே வம்பும்கூட. ‘த ஹால் எரப்டட்’ என்று நிறுத்தினால் அடிதடியா கைதட்டலா என்று தெரியாது, ஏனென்றால் எரப்டட் இன் அப்ளாஸ் என்பது வெகு சாதாரணமான தொடர். ‘பிரேக் அவுட்’ இதற்கு எதிர். சண்டை, தீ, நோய் பிரேக் அவுட் ஆகும். மனிதர் பிரேக் அவுட் ஆனால் சிறையிலிருந்து தப்பினார் என்று பொருள், அல்லது முகத்தில் பரு வந்திருக்கிறது.

வெடிக்காமல் உள்ளேயே வேகிறவர்களுக்கான சொற்களை இங்கே கலந்துவிட வேண்டாம். ஃப்யூம், சிம்மர், ஸ்மோல்டர், சீத் எல்லாம் மூடி திறப்பதற்கு முந்திய கட்டம். சீத் என்றால் பழைய ஆங்கிலத்தில் கொதிப்பதுதான். நனைந்து ஊறிப்போனதற்கான ‘சாடன்’ என்ற சொல் அந்த வினையின் பழைய எச்சம். தமிழில் குமுறுவது, புழுங்குவது. ‘லெட் ஆஃப் ஸ்டீம்’, ‘வென்ட்’ இரண்டும் பாய்லரில் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விடுவது, அதாவது வெடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. மனைவியிடம் அலுவலகக் கதையைப் புலம்பித் தீர்ப்பது வென்ட். அவர் மேலேயே பாய்வது அல்ல.

கழன்றுபோகிற சொற்கள் தனிக் கூட்டம். ‘ஃப்ளை ஆஃப் த ஹாண்டில்’ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கு. கோடரியை ஓங்கும்போது பிடி தளர்ந்திருந்தால் இரும்புத் தலை கழன்று பறக்கும், யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. இதை மும்பைக்காரருக்கு விளக்கவே வேண்டாம்: மராத்தியில் ‘சட்கலி’ என்றால் நழுவியது, கழன்றது; ‘மாஜி சட்கலி’ என்றால் எனக்குப் பிடி கழன்றுவிட்டது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. காரணம் அற்பமாக இருக்கும்போது இதைப் பயன்படுத்துவது வழக்கம். நியாயமான கோபத்துக்கு ‘ஃப்ளூ ஆஃப் த ஹாண்டில்’ என்று எழுதினால் அந்த ஆளைக் கேலி செய்கிறீர்கள்.

‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’ எல்லா இடத்துக்கும் போடலாம். மங்கலானது, நாகரிகமானது, மினிட்ஸுக்கு ஏற்றது. அதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘ஹிஸ்’ஐ விட்டுவிட்டு ‘லாஸ்ட் டெம்பர்’ என்பது. மற்றது, நிகழ்காலத்தில் லூஸ் என்று எழுதும்போது இரண்டு ‘ஓ’ போடுவது. இழப்பதற்கு ஒரே ‘ஓ’, கடைசியில் வண்டு முரலுவது போன்ற ஒலி. இரண்டு ‘ஓ’ போட்டால் தொளதொளப்பு. தமிழில் யாரையாவது லூஸு என்று திட்டுகிறோமே, அந்த லூஸ். ‘ஹீ லாஸ்ட் இட்’ பேச்சுக்கு மட்டும். அது கோபமாகவும் இருக்கலாம், அடக்கமுடியாத அழுகையாகவும் சிரிப்பாகவும்கூட இருக்கலாம்.

‘ஹிட் த ரூஃப்’, ‘பிளோ எ ஃப்யூஸ்’, ‘பிளோ எ காஸ்கெட்’ எல்லாம் ஒரே சாமான், வேறு வேறு டப்பா. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் என்பதற்கு முதலாவது போதும். ஆங்கிலத்தில் கூரையோடு நின்றுவிடுகிறது, நமக்கு வானம்வரை போக வேண்டியிருக்கிறது.

கைகலப்பும் அழிவும் சேர்ந்த பெரிய சொற்களில்தான் இந்தியச் செய்தித்தாள்கள் அதிகம் விளையாடுகின்றன. ராம்பேஜ் என்றால் நகர்ச்சி கட்டாயம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்க்கொண்டே உடைக்க வேண்டும். கட்சிக்காரர்கள் தெரு நெடுக டோல்பூத், கடை, பஸ் என்று நொறுக்கிக்கொண்டு போனால் ராம்பேஜ்; நாற்காலியில் உட்கார்ந்தபடி கத்துகிறவர் ராம்பேஜ் செய்ய முடியாது. ‘வென்ட் ஆன் எ ராம்பேஜ்’ என்பதுதான் இயல்பான அமைப்பு. ரான்சாக் வேறு: பழைய நார்ஸ் மொழியில் வீட்டைத் துழாவுவது என்று பொருள், ஆகவே அதற்கு ஒரு இடம் செயப்படுபொருளாக வேண்டும். அலுவலகத்தை ரான்சாக் செய்யலாம், ஆளைச் செய்ய முடியாது. இந்தியிலும் மராத்தியிலும் ‘தோட்ஃபோட்’ என்பதற்கு நேரானது வாண்டலைஸ். மும்பைக்கே உரிய ‘ராடா’வுக்கு நெருங்கியது பிராவல், பலர் கட்டிப்புரண்ட சத்தமான சண்டை.

பெர்சர்க் ஸ்கண்டிநேவியப் பழங்கதைகளில் வரும் போர்வீரன். கரடித் தோலைச் சட்டையாகப் போட்டவன் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்; சட்டையே இல்லாதவன் என்று சொல்கிறவர்களும் உண்டு. போரில் சாமி வந்தது போல் ஆகி, கேடயத்தைக் கடித்து, வலி தெரியாமல் வெட்டுவானாம். ஆகவே ‘வென்ட் பெர்சர்க்’ என்றால் அந்த நேரத்தில் அவரிடம் புத்தி இல்லை என்று சொல்கிறீர்கள். எச்சரிக்கை: அது குற்றச்சாட்டு போலத் தெரிந்தாலும் ஒருவகையில் அவருக்குத் தற்காப்பு வாதம் எழுதிக் கொடுப்பது.

அமக் மலாய் மொழியின் ‘அமுக்’. வெறிகொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்குவது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியக் குறிப்புகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஆங்கிலோ-இந்திய அகராதியான ஹாப்சன்-ஜாப்சன், போர் என்று பொருள்படும் ‘அமர்’ என்ற திராவிடச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்திப் பார்த்திருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சங்கப் பாட்டிலிருந்து நமக்கு அந்த அமர் தெரியும் என்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய அகராதிகள் மலாய் வேரோடு நிறுத்திக்கொள்கின்றன. பயன்பாட்டில் பெரும்பாலும் ‘ரன்’ என்ற வினையோடு வரும்: ரன் அமக், இறந்தகாலம் ரான் அமக். ஆங்கில எழுத்தில் ‘ஓ’ போட்டும் எழுதுவார்கள், ‘யூ சி’ போட்டும் எழுதுவார்கள், இரண்டும் சரி. நம் நாட்டுச் செய்திகளில் இது ஏறக்குறைய யானையின் சொந்தச் சொத்து ஆகிவிட்டது. கவனிக்க வேண்டியது, மதம் பிடிப்பதற்கு ஆங்கிலத்திலேயே ‘மஸ்த்’ என்று தனிச்சொல் உண்டு, பாரசீகத்திலிருந்து இந்தி வழியாகப் போனது. மஸ்த் அந்த யானையின் உடல்நிலை. அமக் அது ஓடி உடைத்த காரியம். மஸ்தில் இருக்கும் எல்லா யானையும் அமக் ஓடுவதில்லை, ஓடிய யானைக்கெல்லாம் மஸ்த் இருக்க வேண்டியதுமில்லை.

‘கோ பாலிஸ்டிக்’ 1980களின் அமெரிக்க ராணுவப் பேச்சு. ஏவுகணை வழிகாட்டல் இழந்து தன் போக்கில் விழுவது. ‘கோ போஸ்டல்’ பக்கமே போகாதீர்கள். 1986 ஆகஸ்ட் 20 அன்று ஓக்லஹோமாவின் எட்மண்ட் நகர அஞ்சலகத்தில் ஓர் ஊழியர் சக ஊழியர் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அதுவும் அதைப் போன்ற மற்ற அஞ்சலகச் சம்பவங்களும் சேர்ந்துதான் 1990களில் இந்தத் தொடர் பிறந்தது. வேடிக்கை என்று நினைத்து அமெரிக்க சகாக்களுக்குப் போகும் மெயிலில் இதை எழுதினால் மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வரும்.

இந்தியாவுக்குள் ஒரு பொருளும் வெளியே வேறு பொருளும் தருகிற சொற்கள் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பாஸ் என்னை ஃபயர் பண்ணிட்டார்’ என்றால் நமக்குத் திட்டினார். வெளியே வேலை போய்விட்டது. ‘ஸ்கோல்ட்’ நமக்கு எல்லோரையும் திட்டுவது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் குழந்தைகளையும் நாயையும். ‘ஃபிட்ஸ் வந்தது’ நமக்கு வலிப்பு; அங்கே ‘த்ரூ எ ஃபிட்’ என்றால் ஆட்டம் போட்டார். ‘ஃப்ரீக் அவுட்’ மும்பைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு காலத்தில் கொண்டாட்டம். அங்கே பதற்றத்தில் நிலைகுலைவது. ‘கிக் ஆஃப்’ நமக்கு ப்ராஜெக்ட் தொடக்கம். பிரிட்டனில் ‘த ட்ரங்க் கிக்ட் ஆஃப்’ என்றால் குடிகாரர் ரகளை ஆரம்பித்தார். இவற்றைவிட மோசமானது ‘கையை ஓங்கினார்’ என்பதை அப்படியே ‘ரெய்ஸ்ட் ஹிஸ் ஹேண்ட்’ என்று போடுவது. படிப்பவர் அவர் கேள்வி கேட்க அனுமதி கேட்டார் என்றே நினைப்பார். ‘ரெய்ஸ்ட் ஹிஸ் ஹேண்ட் டு ஸ்ட்ரைக் த செக்ரட்டரி’ என்று முழுமையாக எழுத வேண்டும்.

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. விவகாரம் போலீஸுக்குப் போனால் மினிட்ஸ் ஒரு சாட்சி ஆவணம். ‘அசால்ட்’ என்று எழுதினால் அடித்தார் என்று நாம் நினைக்கிறோம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 351ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவும் சொல்வது வேறு: இதோ தாக்கப்போகிறார் என்று எதிராளி அஞ்சும்படி சைகை செய்தாலோ தயாரானாலோ அதுவே அசால்ட். வெறும் சொற்கள் அசால்ட் ஆகாது; ஆனால் அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்பதைக் கூடவே சொன்ன சொற்கள் காட்டிக்கொடுக்கலாம். தொட்டுப் பலம் பிரயோகித்தால் கிரிமினல் ஃபோர்ஸ், பிரிவு 129. வலியோ காயமோ உண்டானால் ஹர்ட், பிரிவு 114. காலரைப் பிடித்தது இரண்டாவதற்குள் வரக்கூடும். அதை முடிவுசெய்வது உங்கள் வேலையல்ல, பிடித்தார் என்று எழுதுவதுதான் வேலை.

‘சடன்’ என்ற சொல்லையும் யோசித்துப் போடுங்கள். கொலை வழக்கில் ‘கிரேவ் அண்ட் சடன் ப்ரொவொகேஷன்’, அதாவது கடுமையான, திடீர் தூண்டுதலால் தன்வசம் இழந்து செய்தார் என்று நிரூபித்தால் குற்றம் ஒரு படி இறங்கும். இந்த ஊரிலேயே நடந்த நானாவதி வழக்கு அதற்குப் பாடம். 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை கமாண்டர் நானாவதி தன் மனைவியின் ரகசியத்தைக் கேட்டுவிட்டு, பகல் 1.30க்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, குடும்பத்தை சினிமாவில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, 4.20க்கு மனைவியின் காதலரைச் சுட்டார். 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த சுமார் மூன்று மணிநேரத்தைச் சுட்டிக்காட்டி, தன்வசம் திரும்பப் போதிய அவகாசம் இருந்தது என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆங்கிலத்தில் சொன்னால், அவர் ‘ஸ்னாப்’ ஆனார் என்ற கதையைக் கடிகாரம் ஏற்கவில்லை. உங்கள் மினிட்ஸிலும் ‘சடன்லி’ என்ற ஒரு சொல்லைவிட, விவாதம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், இடையில் யார் என்ன சொன்னார்கள் என்ற மூன்று வரி அதிகம் பேசும்.

ஆகவே கூடையிலிருந்து எதையும் எடுக்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. அந்தச் சொற்கள் நண்பருக்கு அனுப்பும் வாட்ஸாப்புக்கு. மினிட்ஸில் உடம்பு என்ன செய்தது என்பதற்கான வினைகள் வேண்டும், அவற்றிலும் துல்லியம் உண்டு. கத்தினார் என்பதற்கு ‘ஷவுட்டட் அட்’. என்ன கத்தினார் என்பதையும் அவர் சொன்ன மொழியிலேயே மேற்கோளில் போடுங்கள். மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்திருந்தால் ‘ஸ்லாம்ட் ஹிஸ் பாம் ஆன் த டேபிள்’. முஷ்டியால் ஒருமுறை குத்தியிருந்தால் ‘தம்ப்ட்’. திரும்பத் திரும்ப என்றால் ‘பவுண்டட்’. தள்ளினாரா? ‘ஷவ்ட்’ என்பதில் முரட்டுத்தனம் உண்டு, ‘புஷ்ட்’ அதைவிடச் சாது, ‘ஜாஸ்ல்ட்’ தாதர் ஸ்டேஷன் மாலை நேர இடிபாடு. காலருக்கு ‘கிராப்ட் த செக்ரட்டரி பை த காலர்’. இந்த அமைப்பில் ‘ஹிஸ் காலர்’ அரிது, ‘த’ தான் வழக்கம். கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தால் ‘ஸ்டார்ம்ட் அவுட்’ என்று எழுதக் கை அரிக்கும். ‘லெஃப்ட் த மீட்டிங் அட் 8.40 பிஎம்’ போதும்.

மிச்சமிருப்பது அந்த ஃபைல். ‘த்ரூ த ஃபைல் டு த செக்ரட்டரி’ என்றால் அவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று தூக்கிப் போட்டார். ‘த்ரூ த ஃபைல் அட் த செக்ரட்டரி’ என்றால் அவர் மேல் படவேண்டும் என்று எறிந்தார். தரையில் எறிந்திருந்தால் ‘த்ரூ த ஃபைல் டவுன்’. மூன்றில் எது என்பது ஆங்கிலம் தெரிந்தவரைவிட அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும். எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.